சங்கூதி சொல்லாத பெயர்

மலைப்பனி தெருவில் இறங்கி உறங்கிய காலத்தில் பனிவயல் என்றொரு நாடு இருந்தது, கேளுங்கள். அதை அரிமாவளவன் ஆண்டான். அங்கே தும்பை என்ற பெண் சங்கூதிச் செய்தி சொல்வாள்.

வெளியே சொல்ல அஞ்சியதையெல்லாம் மக்கள் பனிமூட்டத்தில் அவள் காதில் சொல்லிப் போவார்கள். அவள் தானே போய்ப் பார்ப்பாள். மெய்யென்றால் மட்டும் சபையில் சொல்வாள்.

ஒருநாள் சொன்னாள்: "மன்னா, ஏரியின் புதுக்கரைக்குள் கல் இல்லை. வைக்கோல்தான் இருக்கிறது."

தோண்டினார்கள். வைக்கோல் வந்தது. கரை கட்டிய அமைச்சர் நாகனார் முகம் கறுத்தார். "கரையைத் திரும்பக் கட்டிவிடலாம், மன்னா. இன்று இந்த ரகசியம் வெளியே போனது. நாளை கோட்டை ரகசியம் போகும். சொன்னவன் யாரென்று கேளுங்கள்" என்றார்.

மன்னன் பொன் தருவதாகக் கேட்டான். தும்பை பேசவில்லை. சிறை என்று மிரட்டிக் கேட்டான். பேசவில்லை. "நான் கேட்கிறேன், அம்மா" என்று தணிந்து கேட்டான். அதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. சொன்ன கொத்தனும் அந்தச் சபையில்தான், தூணோரம் நின்றிருந்தான். கண் தவறி அங்கே போய்விடுமோ என்று அவள் தரையையே பார்த்தாள்.

"என்னை நம்பிச் சொன்னார், மன்னா. அந்தப் பெயரை எடுத்துக் கொடுக்க அது என் பொருளல்ல."

சிறைக்கதவு சாத்தப்பட்டது.

அதன்பின் பனிக்குள் ஆட்கள் நடந்தார்கள், பேச்சில்லை. மன்னன் வீதியில் கேட்டான். "எல்லாம் நலம்" என்றார்கள். சந்தையில் கேட்டான். "எல்லாம் நலம்." படித்துறையில் கேட்டான். "எல்லாம் நலம்."

மழை வந்தது. இம்முறை புதுக்கரை அல்ல, ஏரியின் பழைய வடகரை உடைந்தது. கீழத்தெரு கனவில் நழுவுவதுபோல் மெல்ல மெல்ல நீருக்குள் போயிற்று. சிலர் திரும்பவேயில்லை.

இடுப்பளவு நீரில் நின்ற மன்னன் ஒரு வலைஞனைக் கேட்டான்: "இந்தக் கரை கசிந்தது உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும், மன்னா."

"ஏன் சொல்லவில்லை?"

"யாரிடம் சொல்வது? கேட்டுச் சொல்கிறவள் சிறையில் இருக்கிறாள். அவளையே விடாதவர்கள் எங்களை விடுவார்களா?"

மன்னன் தன் கையாலேயே சிறைக்கதவைத் திறந்தான். பழைய கேள்வி மறுபடி வருமென்று தும்பை காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. "தவறு என்னுடையது. வா, அம்மா" என்று மட்டும் சொன்னான்.

வைக்கோல் வைத்துக் கரை கட்டிய நாகனார் பதவி இழந்தார். அன்றே முரசறைந்தார்கள்: "செய்தி மெய்யா என்று யாரும் கேட்கலாம். சொன்னது யாரென்று அரசனும் வற்புறுத்தக் கூடாது."

நம்பிச் சொன்னவரைக் காக்காத நாட்டில் உண்மை வாய் திறப்பதில்லை.