பச்சோந்தி நிறம் பிடித்த கிளை

விலங்குகளுக்கு இன்னும் பேச்சு அலுத்துப்போகாத அந்தக் காலத்தில், ஓர் ஓடைக்கரைக் காட்டில் தழையன் என்றொரு பச்சோந்தி இருந்தான். இன்று கட்சி மாறுகிறவர்களைத் திட்டுவதற்கு அவன் இனத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொள்கிறோம். இதில் ஒரு தரப்புக்கு அநியாயம் நடக்கிறது. எந்தத் தரப்புக்கு என்று நான் சொல்லப்போவதில்லை.

பச்சோந்தி நிறம் மாறுவது ஒளிந்துகொள்வதற்காக என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. எழுதியவர்கள் பச்சோந்தியைக் கேட்டு எழுதவில்லை. தழையனைக் கேட்டிருந்தால், "படிக்கிறேன்" என்று சொல்லியிருப்பான். எதன் மேலாவது உட்கார்ந்து அதன் நிறத்தைத் தன் தோலில் வரவழைத்துவிட்டால், அது தனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவன் எண்ணம். 'நிறம் பிடிப்பது' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தான். வேப்பங்கிளையில் உட்கார்ந்து பழுப்பாவான், வேம்பு முடிந்தது. ஆவாரம்பூவின் அருகே போய் மஞ்சளாவான்; ஆவாரை முடிந்தது. காட்டில் இப்படி அவன் முடிக்காத பொருள் குறைவு. தோல் இவ்வளவு கச்சிதமாக மாறும்போது உள்ளேயும் ஏதோ நடந்திருக்கும் என்று மற்ற விலங்குகளும் நம்பின. எந்தக் கிளை தாங்கும், எந்தக் காய் ஆகாது என்று அவனிடம்தான் வந்து கேட்டன.

அணிலுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம். ஒருநாள் உச்சிவெயிலில் தழையன் ஒரு பாறையில் ஏறிச் சாம்பல் நிறமானான். "ஆச்சு, தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லி வாய் மூடவில்லை, வயிறு சுட்டுத் துள்ளிக் குதித்தான்.

"என்ன மாமா, பாறையோட நிறம் தெரிஞ்சுது, சூடு தெரியலையா?" என்றது அணில்.

"சூடு பாறையோடது இல்லடா. வெயிலோடது. நான் வெயிலைப் படிக்கலை."

இந்தப் பதிலில் பிழை கண்டுபிடிக்க அணிலுக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது. கண்டுபிடித்துத் திரும்பி வந்தபோது தழையன் வேறு பொருளுக்குப் போய்விட்டிருந்தான்.

அவன் மனைவி செவந்திக்கு நிறம் பிடிப்பதில் ஆர்வம் இல்லை. சின்ன வயதில் முருங்கைக் கிளை முறிந்து விழுந்தவள் அவள். அதற்குப் பிறகு அவள் நடையே வேறாகிவிட்டது. ஒரு காலைத் தூக்கி முன்னே நீட்டுவாள். கிளையைத் தொடுவாள். உடனே பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி நீட்டி, மறுபடி இழுத்து, பிறகுதான் காலை ஊன்றுவாள். அடுத்த காலுக்கும் இதே கதை.

"நீ இந்தக் கிளையைத் தாண்டறதுக்குள்ள இது பூத்துடும்" என்பான் தழையன்.

"பூத்தா ஈ வரும். போற வழியில சாப்பாடாச்சு" என்பாள் அவள்.

"அப்படி என்னதான் பண்றே?"

"என் கனத்தை அதுகிட்டக் காட்டறேங்க. தாங்குமா தாங்காதான்னு அதுவே சொல்லிடும்."

"கிளை சொல்லுமாம்!" என்று தழையன் சிரிப்பான். ஆனால் அவள் வந்து சேரும்வரை கிளையின் நுனியில் காத்திருப்பான். கிண்டல் செய்தாலும் விட்டுவிட்டுப் போனதில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆண்டு மழை பிடித்துக்கொண்டது. ஓடை கரையேறி மரங்களின் வேரை நனைத்தது. செவந்தியின் வயிற்றில் முட்டைகள் நிறைந்திருந்தன. பச்சோந்தி முட்டையிட மரத்தை விட்டு இறங்கி மண்ணைத் தோண்ட வேண்டும். இந்தக் கரையிலோ தோண்டிய இடமெல்லாம் நீர் ஊறியது. அக்கரை மேடு, காய்ந்த மணல். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் முட்டைகள் பிழைக்கும்.

ஓடையின் குறுக்கே ஒரு வாகைக் கிளை நீண்டு அக்கரைப் புதரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடிமுதல் நுனிவரை பச்சைப்பசேல் என்று இருந்தது. அணில், ஓணான், எலி எல்லாம் வெள்ளத்துக்குத் தப்பி அக்கரை போக அதன் அடியில் கூடி நின்றன. தழையன் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தன.

தழையன் ஏறினான். தலைமுதல் வால்வரை பச்சையானான். அவ்வளவு அழகான பச்சையை அதற்கு முன் யாரும் அவன் மேல் பார்த்ததில்லை.

"நல்ல கிளை. உயிருள்ள கிளை. யாரும் பயப்பட வேண்டாம்" என்று அறிவித்துவிட்டு மளமளவென்று அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தான். திரும்பி நின்று, "செவந்தி, முதல்ல நீ வா" என்றான்.

செவந்தி காலைத் தூக்கினாள், நீட்டினாள், இழுத்தாள். அப்படியே பாதிக் கிளை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். நீட்டிய காலைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க, உள்ள என்னமோ நெரியுது."

"ஒண்ணும் நெரியலை. நான் இப்பத்தானே வந்தேன்?"

"உங்க கனம் வேற, எங் கனம் வேற. நான் திரும்பிப் போயிடறேன். வேற கிளை பாப்போம்."

இக்கரையில் கூடியிருந்த எல்லா முகங்களும் தழையனைப் பார்த்தன. அணில் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பாறை சுட்ட நாள் அவன் நினைவுக்கு வந்தது.

"நான் நிறம் பிடிச்ச கிளை செவந்தி இது! என் மேலே பாரு, எவ்வளவு பச்சைன்னு. இத்தனை பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய வைக்காதே. ஆடாம வா."

அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். அவன் பச்சையைப் பார்த்தாளா, முகத்தைப் பார்த்தாளா என்பது தெரியாது.

"சரி. நீங்க சொன்னா சரி" என்றாள்.

முருங்கையிலிருந்து விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, செவந்தி ஒரு காலைச் சோதிக்காமல் ஊன்றினாள்.

கிளை முறிந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. நமத்த அப்பளம் உடைவதுபோல இருந்தது. அவள் வெள்ளத்தில் விழுந்தாள். பழுப்பு நீரில் ஒரு முறை அவள் முதுகு தெரிந்தது. பிறகு நுரைதான் தெரிந்தது.

முறிந்த இடத்தில் கிளையின் உள் தெரிந்தது. மரம் என்று எதுவும் அங்கே மிச்சமில்லை. கரையான் தின்றுவிட்டு வைத்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கிளையை மூடிப் படர்ந்திருந்த கோவைக்கொடிதான் இவ்வளவு நேரம் பச்சையாக இருந்தது. தழையன் பிடித்தது கோவையின் நிறத்தை. வாகையைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது.

"மாமா" என்று எதிர்க்கரையிலிருந்து அணில் கூப்பிட்டது. அதன் குரலில் கிண்டல் இல்லை. "மாமா, ஏதாவது பேசு."

தழையன் வாயைத் திறந்தான். நாக்கு நீளமாக வெளியே வந்தது, சொல் வரவில்லை. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு பூச்சி பிடிப்பதைத் தவிர வேறு எதற்கும் அவன் அதை நீட்டவில்லை.

நீர் போன பக்கமே அவளைத் தேடிப் போனான். அடுத்த புதருக்குத் தாவக் காலைத் தூக்கியபோது, கால் கிளையில் இறங்க மறுத்தது. தொட்டது, பின்னுக்கு வந்தது. மறுபடி தொட்டது. அவன் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. தான் யாருடைய நடையை நடக்கிறோம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவனுக்குப் புரிந்தது. கேலி செய்வதற்காக எத்தனையோ முறை அதை உற்றுப் பார்த்திருக்கிறான். அதனால் ஒரு அசைவுகூட மறக்கவில்லை.

அப்படிப் போவது மெதுவான வேலை. ஒரு கண்ணைக் கிளை மேல் வைத்துக்கொண்டு மறு கண்ணை ஓடைப் பக்கம் திருப்பிவைத்தான். இரண்டு கண்ணும் தனித்தனியே சுழலப் பழகியது அப்போதுதான். வழியில் யாரும் அவனிடம் கிளையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வதற்கு அவனிடம் வாய் இல்லை. மழை விட்டது, பனி வந்து போனது, ஓடை இளைத்து மணல் தெரிந்தது. செவந்தி தெரியவில்லை.

வெயில் ஏறிய ஒரு நாள், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், மேட்டு மணல் தானாக அசைவதைப் பார்த்தான். மண்ணைப் பிளந்துகொண்டு விரல்நுனி அளவு தலை ஒன்று வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு வந்துகொண்டே இருந்தன. எந்தப் பச்சோந்தியின் குஞ்சுகளோ என்று நினைத்தான். முதல் குஞ்சு ஒரு புல்லின் அருகே போய்க் காலைத் தூக்கியது. நீட்டியது. தொட்டது. இழுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியது.

அப்படியானால் அவள் கரையேறியிருக்கிறாள். தோண்டியிருக்கிறாள், மூடியிருக்கிறாள். பிறகு எந்தப் பக்கம் போனாள் என்பதற்கு மணல் தடம் எதுவும் வைத்திருக்கவில்லை. மண்ணுக்குள் முட்டையில் கிடந்தவற்றுக்கு அந்த நடையை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பவர்கள் கேட்கலாம். நானும் பல புத்தகங்களைப் புரட்டிவிட்டேன்.

தழையன் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவற்றிடம் சொல்ல நினைத்தான். முருங்கை, வாகை, கோவை, பாறையின் சூடு. குரல் எழாததால் தன்னிடமிருந்த நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். குஞ்சுகள் ஒரு கண்ணால் அவனைப் பார்த்தன. மறு கண்ணைத் தத்தம் புல்லிலிருந்து எடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு செடியாகப் பார்த்துப் பிரிந்து போயின.

ஒன்று மட்டும் அவன் இருந்த கிளைக்கு ஏறி வந்தது. அவன் அசையாமல் இருந்தான். கிளை நல்ல கிளை. அவனே காலையில் அடிக்கு அடி சோதித்து ஏறியது. குஞ்சு அதற்காக அவன் சோதித்ததை நம்பிக் காலை ஊன்றிவிடவில்லை. காலை நீட்டித் தொட்டது. இரண்டு பேர் கனத்தில் கிளை லேசாகத் தாழ்ந்தது. குஞ்சு காலை இழுத்துக்கொண்டது. அவனை ஒரு முறை பார்த்தது. பிறகு திரும்பி, ஆடி ஆடி இறங்கி, வேறு செடிக்குப் போய்விட்டது.

தழையன் அதைத் தடுக்கவில்லை. அது போய்ச் சேரும்வரை ஒரு கண் அதன் மேலேயே இருந்தது. மறு கண் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பச்சோந்தி ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் ஆடி நடப்பதும், கிளைக்கு ஒன்றாகத் தனித்தே வாழ்வதும், ஒரு கண்ணால் வழியைப் பார்க்கும்போது மறு கண்ணால் வேறெங்கோ யாரையோ தேடுவதும் அன்றைக்குத் தொடங்கியவைதான்.