பவுலின் குரலுக்குப் போட்ட பிளகின்

சந்தியாகுவுக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு தில்ஷாத் டீச்சருக்கு முப்பத்தேழு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கணினி தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர். அவ்வளவுதான்.

தூத்துக்குடி மட்டக்கடையில் சந்தியாகுவின் ரெக்கார்டிங் ஸ்டூடியோ. ஒரே அறை. பதினாறு வருஷத்துக்கு முன் அங்கே பவுலின் என்ற பெண் ஒரு திருவிழாப் பாட்டுப் பாடினாள். ஊரெல்லாம் ஓடியது. அந்தக் குரலை எப்படிப் பிடித்தீர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில் சொன்னார்.

"ஒரு வெளிநாட்டு பிளகின் போட்டேன் வே. குரலை அப்படியே மெழுகிக் கொடுக்கும்."

பிளகின் என்பது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் செருகும் குட்டி மென்பொருள். பதிவான குரலை மெருகேற்ற அது.

இந்த வருஷம் விழாக் கமிட்டி அதே பாட்டில் ஒரு சரணம் கூட்டச் சொன்னது. பவுலினுக்கு இடையில் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. செயலாளர் கஸ்பார் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"பழசோட ஒட்டுச்சுன்னா சரி. ஒட்டலைன்னா முழுப் பாட்டையும் வேற பிள்ளைய வச்சுப் பாடிக்கிடுவோம்."

பதிவு புதன்கிழமை காலை பத்து மணிக்கு.

பழைய கணினி போன மாதம் செத்துவிட்டது. வாங்கிய புதுக் கணினியில் பாட்டு திறந்தது. பிளகின் திறக்கவில்லை. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. சந்தியாகு பத்து நாள் முட்டிப் பார்த்தார். செவ்வாய் மத்தியானம் டீச்சரைக் கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?"

"பிளகினைக் காணோம்னு சொல்லுது டீச்சர். கண்ணு முன்னாலதான் கெடக்கு. காணோம்னு சொல்லுது."

"பழசு முப்பத்திரண்டு பிட். புதுசு அறுபத்துநாலு. அது பேசுறது இதுக்கு விளங்காது."

"விளங்க வைங்க."

"அது இல்லாம பாட்டு எப்படி இருக்கு? போடுங்க."

போட்டார். பவுலினின் பழைய குரல் மட்டும் தனியாக வந்தது.

"கேட்டீங்களா? சத்தே இல்ல. வெறும் சக்கை. பவுலின் கேட்டா அழுதுருவா."

டீச்சர் தன் போனை எடுத்தார். அன்று வெளிவந்த பாட்டை அதில் போட்டு ஒரு காதில் வைத்தார். மறு காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்தார். முழுப் பாட்டும் கேட்டார். போனைப் பைக்குள் போட்டார்.

"சொல்லுங்க டீச்சர்."

"ஒண்ணுமில்ல. பிளகினை ஓட வைப்போம்."

இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்க ஒரு சின்ன மென்பொருள் உண்டு. அதை ஏற்றினார். பழைய பிளகினை அதன் வழியாகக் கூப்பிட்டார். இரண்டு முறை எல்லாம் மூடிக்கொண்டு போனது. மூன்றாம் முறை திரையில் பழுப்பு நிறத்தில் ஒரு ஜன்னல் திறந்தது. குரலைக் கூட்டிக் குறைக்க ஆறு திருகுகள். கீழே ஒரு சிவப்புப் புள்ளி.

சந்தியாகு எழுந்து நின்றுவிட்டார்.

"இதான் டீச்சர். இதேதான். திருகெல்லாம் நான் வச்ச எடத்துலயே இருக்கு பாருங்க."

"போடுங்க."

பாட்டு ஓடியது. அவர் கண்ணை மூடினார்.

"வந்துட்டா. பவுலின் வந்துட்டா. இப்ப வித்தியாசம் தெரியுதா?"

"அந்தச் செவப்புப் புள்ளி என்ன?"

சந்தியாகு கண்ணைத் திறந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பைபாஸ்."

"அப்படின்னா?"

"உங்களுக்குத் தெரியாததா."

"நீங்க சொல்லுங்க."

"குரல் இதுக்குள்ள போகாம வெளியாலேயே போகுதுன்னு அர்த்தம்."

"நான் தொடல. நீங்க சேவ் பண்ணினபடிதான் தெறந்திருக்கு."

அவர் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. வெளியே ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அணைச்சு வச்ச பிளகின் திருகையா அன்னிக்கு நான் ராவும் பகலும் திருகினேன்?"

டீச்சர் தலையசைத்தார்.

"முதல்லயே தெரியுமா உங்களுக்கு?"

"போன்ல கேக்கும்போதே சந்தேகம். ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்லா."

"நம்பியிருப்பீங்களா?"

சந்தியாகு தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊர் பூரா சொல்லிவச்சிருக்கேன் டீச்சர். பதினாறு வருஷமா. மானம் போச்சு."

"அன்னிக்கு மைக்கை எங்க வச்சீங்க?"

"பவுலினுக்கு நேரா வைக்கக் கூடாது. அவளுக்கு 'ச' சீறும். ஒரு சாண் தள்ளி, மூக்கு உசரத்துல, தாடையைப் பாக்கச் சரிச்சு. முதுகுப் பக்கம் ஜமுக்காளம். செருப்பைக் கழத்தச் சொன்னேன். மேல் ஸ்தாயி வந்தா அவ குதிகாலைத் தூக்குவா, செருப்பு கிறீச்சுங்கும். விசிறியை அணைச்சுப்புட்டு—"

நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அப்ப நாளைக்கும் அப்படியே வைங்க."

பிளகின் ஜன்னலை மூடிவிட்டு டீச்சர் செருப்பை மாட்டினார்.

புதன் காலை பவுலின் வந்தாள். டீச்சரும் வந்திருந்தார். கைக்குட்டையால் கழுத்துத் தழும்பை மறைத்திருந்தாள். சந்தியாகு மைக்கைச் சரித்தார், ஜமுக்காளம் கட்டினார், செருப்பைக் கழற்றச் சொன்னார். அவள் லேசாகச் சிரித்தாள். ஐந்தாவது தடவை சரியாக வந்தது.

கஸ்பார் பழைய சரணத்தையும் புதுச் சரணத்தையும் சேர்த்துக் கேட்டார். குரல் மாறியிருந்தது. கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. ஆனால் அதே பெண் அதே இடத்தில் நின்று பாடினாள். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார்கள்.

"இவளே பாடட்டும்," என்றார்.

பவுலின் கைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

கஸ்பார் வாசல் வரை போய்த் திரும்பினார். "அண்ணாச்சி, புதுக் கம்ப்யூட்டர்லயும் அதே பிளகின்தானா?"

சந்தியாகு வாயைத் திறந்தார். டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"இல்ல. அதே ஆளு."