பெயருக்கு அடியில் ஒரு கோடு

“என் பேருக்கு அடியில ஏம்மா கோடு இல்ல?”

வந்த வேகத்தில் தாண்டவமூர்த்தி வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டார். அப்படி மறக்கிற ஆள் இல்லை அவர்.

அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். வயதில் தாண்டவமூர்த்தியைவிடச் சின்னவர். ஆனாலும் மலையடிவாரத்து அந்த ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர்தான் அம்மா, அவர்தான் குரு.

“எந்தக் கோடு?”

“ஷீட்டுலம்மா!”

ஆசிரமத்தில் யாருக்கு என்ன வேலை, யாருக்கு எந்தப் பந்தியில் சாப்பாடு என்பதெல்லாம் ஆன்லைனில் ஒரு ஷீட்டில் இருந்தது. அதைப் போட்டவரே தாண்டவமூர்த்திதான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜராக இருந்தவர். சும்மா இருக்கத் தெரியாது. சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் ஆசிரமத்துக்கு வந்தார் என்பது வேறு விஷயம்.

அந்த ஷீட்டில் போன வெள்ளிக்கிழமை மரகதத்தின் பெயருக்கு அடியில் மட்டும் ஒரு கோடு முளைத்தது. போட்டது அம்மா. மரகதம் ஆசிரமத்துக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை.

வருகிற பௌர்ணமிக்கு ஒருவருக்கு மந்திர உபதேசம் என்று அம்மா சொல்லியிருந்தார். அதையும் இதையும் முடிச்சுப் போட ஆசிரமத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. மரகதத்தைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மந்திரத்துக்காகத்தான் தாண்டவமூர்த்தி வேலையை விட்டார், வீட்டை விட்டார், காப்பியைக்கூட விட்டார். அம்மா தன் காதோரம் குனிகிற நாளுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார். அவருக்கு வயிறு எரிந்தது.

“கோடுதானே வேணும்? போட்டுக்கங்க” என்றார் அம்மா.

“நானேவா?”

“நீங்க போட்ட ஷீட்டுதானே.”

தாண்டவமூர்த்தி உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் விரித்தார். தன் பெயர் இருந்த கட்டத்துக்குப் போனார். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு யூவைத் தட்டினார்.

நீளமான பெயர். கோடும் நீளமாகவே விழுந்தது. கொஞ்ச நேரம் மனசு குளிர்ந்தது. அப்புறம் முகம் வாடிவிட்டது.

“இது நான் போட்டதும்மா.”

“கோணலாவா இருக்கு?”

“நேராத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“மரகதத்துக்கு நீங்க போட்டீங்க.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதே தடிமன். அதே கறுப்பு.

“ஒண்ணும் தெரியல. ஆனா ஏதோ இருக்கணும்.”

“அவளுக்கு வயித்துல புண். புளி ஆகாது. சமையல்கட்டுல இருக்கறவங்க கண்ணுல படட்டும்னு கோடு போட்டேன்.”

இந்தப் புளிக்காகவா ஊரே எழுந்து நின்றது!

“எல்லாரும் அவளுக்குத்தான் உபதேசம்னு…”

“உபதேசம் இல்ல, புளி.”

“அப்ப எனக்கு இப்பப் போட்ட கோடு?”

“இன்னைலேருந்து உங்களுக்கும் ரசம் கிடையாது.”

தாண்டவமூர்த்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அத்தனை நாள் எரிச்சலும் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது என்றுதான் நினைத்தார். ஆனாலும் ரசம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கோட்டை எடுக்க அவசரமாகக் கையை நீட்டினார்.

“கோட்டைத் தொடாதீங்க. பேரை மட்டும் அழிங்க.”

“என் பேரையா?”

ஆசிரமத்தை விட்டுப் போகிறவர்களின் பெயரைத்தான் ஷீட்டில் அழிப்பது வழக்கம். அதைச் செய்வதும் அவர்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா ஓர் அவரைக்காயை வெளிச்சத்தில் பிடித்துச் சொத்தை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அழித்தார்.

“கோடு எங்க?”

“பேரோட போயிருச்சு.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெள்ளைக் கட்டம். ஒரு புள்ளிகூட இல்லை.

“போயிருச்சும்மா.”

“அதே கட்டத்துல ஏதாவது அடிங்க.”

“என்ன அடிக்கறது?”

“யோசிக்காம அடிங்க.”

கை தானாக ஓடியது. அடித்து முடித்து என்டரைத் தட்டினார். எழுத்துக்கு அடியில் கோடு நின்றது.

தாண்டவமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அட! கோடு போகவே இல்லம்மா! உள்ளேயே இருந்திருக்கு! வெறும் கட்டத்துல கோடு இருக்குமா? எழுத்து வந்தாத்தான் அதுவும் வெளிய வருமா? அப்ப இத்தனை நேரம் அது எங்கம்மா…”

“அது இருக்கட்டும். என்ன அடிச்சீங்க?”

அவர் குனிந்து படித்தார்.

மரகதம்.

அவருடைய வரிசை. அவருடைய வேலை. அவருடைய பந்தி. அவருடைய கட்டத்தில் மரகதம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவை நேராகப் பார்க்க முடியவில்லை.

“வெள்ளிக்கிழமையிலேருந்து எனக்கு வேற நினைப்பே இல்லம்மா.”

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் காதோரம் குனிந்தார்.

“பௌர்ணமி வரைக்கும் எதுக்கு? இப்பவே சொல்லிடறேன்” என்றார். “யார் காதுல சொல்லட்டும்?”