அந்த ஒருத்தர்

செண்பகவல்லியின் கணவர் சங்கரலிங்கம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கப்பல் கம்ப்யூட்டரிலிருந்து அழைத்தால் குரல் நன்றாகக் கேட்கும். முகம் தெரியாது, பச்சைக் கோடுகள்தான் ஓடும். கோளாறு அதன் பழைய கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளில் இருந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பக்கூடிய பொது டிரைவர் அது. புரோகிராம் எழுதத் தெரிந்த செண்பகவல்லியே மெனக்கெட்டுத் திருத்தி அனுப்பினாள். ஆனால் முறைப்படி வெளியானால்தான் கப்பலில் அதைப் போடுவார்கள்.

டிரைவர் குழுவின் தலைவர் ரகுநந்தன் கோவையில் ஒரு கருத்தரங்கில் பேச வந்தபோது, தன் திருத்தம் எப்போது வெளியாகும் என்று நேரிலேயே கேட்டாள்.

"அந்தப் பழைய சிப்பா? புது டிரைவர்ல அதையே தூக்கிட்டோம்மா. இன்னும் அதை வச்சிருக்கிற ஒருத்தரை இந்த அரங்கத்துல காட்டுங்க, பார்ப்போம்."

"காட்டுறேன் சார். அந்தப் புது டிரைவரை நீங்க வச்சுப் பேசுற இந்த மேடைக் கம்ப்யூட்டர்ல போடுங்க."

சிரித்துக்கொண்டே போட்டார். பெரிய திரை இருண்டது.

"அந்த ஒருத்தர் நீங்கதான் சார்."

அரங்கமே சிரித்தது. அடுத்த வெளியீட்டில் பழைய சிப்பும் இருந்தது, அவள் திருத்தமும் இருந்தது.

கப்பலில் அதைப் போட்ட அன்று சங்கரலிங்கத்தின் முகம் வந்தது. தாடி நரைத்திருந்தது.

"ஏன் பேச மாட்டேங்கிற?" என்றார்.

"குரல்தான் தினமும் கேட்குதே. கொஞ்ச நேரம் பேசாம இருங்க."