படகுக்குத் தெரியாத சட்டங்கள்

தூத்துக்குடிப் படகுப் பட்டறையில் தலைமை இன்ஜினியர் தேவசகாயம், தன் டிசைனில் தப்பே வராது என்று மார்தட்டுகிறவர். ஆனால் கம்ப்யூட்டரில் அலையை மோதவிட்டதும் அவருடைய படகின் தகடு வளைந்துபோனது.

"தகட்டை இன்னும் தடியாக்கு. உள்ளேயிருந்து அதைத் தாங்குற விலாச் சட்டமெல்லாம் நான் போட்டது, அதுல தப்பிருக்காது. ஒண்ணை எடுத்தாலும் படகு நொறுங்கிடும்" என்றார் ஆபரேட்டர் பிலோமினாவிடம்.

தகடு தடித்தால் கனத்தில் படகு தாழும். பதினொரு பேர் ஆழ்கடலுக்குப் போகப்போகிற படகு அது.

"சரி சார்" என்றவள், டிசைனை நகலெடுத்து, அதிலிருந்த நாற்பத்திரண்டு சட்டங்களையும் அவர் கண்ணெதிரே அழித்தாள். மறுபடி அலையை மோதவிட்டாள். தகடு முன்பு வளைந்த அதே அளவுதான் வளைந்தது.

"ஒரு சட்டம்கூட இல்ல சார். படகுக்குத் தெரியவே இல்ல."

தேவசகாயம் தன் டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்தார். எந்தச் சட்டமும் தகட்டைத் தொடவில்லை. நடுவே மயிரிழை இடைவெளி.

நாற்காலியை இழுத்துப்போட்டு, முதல் சட்டத்தைத் தானே தகட்டோடு சேர்த்தார்.