அண்ணாச்சி விழப் படித்தது

“நான் எடுத்ததுல ஒரு துண்டுகூடப் படத்துக்குள்ள போகலியே, மாஸ்டர்.”

ஜெனிட்டா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“போகல,” என்றாள்.

கேட்டவர் பேச்சிமுத்து. தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவர். நாற்பதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத சட்டை. பதில் சொன்னவளுக்கு அவர் வயதில் பாதி இருக்கும். குட்டிச் சக்கர பி.எம்.எக்ஸ் சைக்கிளில் சுவர் விட்டுச் சுவர் தாவும் பையன்களை வைத்து வருஷத்துக்கு ஒரு படம் எடுப்பாள். யாரும் எடுக்கச் சொல்வதில்லை. அவளே எடுத்து, அவளே வெட்டி ஒட்டி, அவளே காட்டுவாள். பையன்கள் அவளை மாஸ்டர் என்றார்கள். பேச்சிமுத்து முதலில் கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட்டார்.

போன வருஷத்துப் படத்தை அவர் பார்த்தது ஒரு டீக்கடையில். பையன்கள் ஒரே செல்போனைச் சுற்றி நின்று, ஒரே தாவலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கடையில் கதை வேறு. ஆல்பத்தை வாங்கிப்போகும் மாப்பிள்ளைகள் வீடியோவை வாங்க வருவதில்லை. பென் டிரைவ்கள் டிராயரில் கிடக்கும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, இதை எடுத்தது யார் என்று கேட்டார். அப்படித்தான் ஜெனிட்டாவிடம் படிக்க வந்தார்.

இப்போது இந்த வருஷத்துப் படம் முடியப் போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி எல்லோருக்கும் காட்டுகிறார்கள். கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. தான் எடுத்ததை நாலு பேர் ஒரு தடவையாவது திரும்பப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“என்ன குறை, மாஸ்டர்? ஆடல, அசையல. கலரும் சுத்தம்.”

ஜெனிட்டா அவர் பையைத் திறந்து, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் ஜூம் லென்ஸை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். எருமைக் கண்போலத் துருத்திக்கொண்டிருந்த வேறொரு லென்ஸை அவர் கையில் வைத்தாள்.

மாட்டிப் பார்த்தார். நாலு எட்டுத் தள்ளி நின்ற பையன் எறும்பாகத் தெரிந்தான்.

“கிட்டப் போகணுமோ?”

“ம்.”

“எவ்வளவு கிட்ட?”

“சைக்கிள் உங்க மேல விழுந்தா, தப்பு யாருதுன்னு சொல்ல முடியக் கூடாது. அவ்வளவு கிட்ட.”

*

எறும்பாகத் தெரிந்த பையன் பெயர் ரீகன். கடைசிக் காட்சி அவனுடையது. ஐஸ் கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து அவன் சைக்கிளோடு பறக்க வேண்டும். பறக்கும்போதே ஹேண்டில்பாரை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பிடித்து, கீழே இருக்கும் சரிவில் இறங்க வேண்டும். இதுவரை அவன் ஒழுங்காக இறங்கியதில்லை.

பேச்சிமுத்து பக்கத்தில் ஓடி ஓடி எடுத்தார்.

ஒரு தடவை ரீகன் இறங்கினான், ஆனால் கால் ஊன்றிவிட்டான். பேச்சிமுத்து பழக்கதோஷத்தில், அருமை தம்பி, அப்படியே இங்க பார்த்து இன்னொரு தடவை என்றார்.

ரீகன் சைக்கிளைக் கீழே போட்டான்.

“பொண்ணையும் பக்கத்துல நிக்கச் சொல்லட்டா, அண்ணாச்சி?”

எடுத்ததை ஜெனிட்டா ஓட்டிக் காட்டினாள். மேடை தெளிவாக இருந்தது. பறந்தது தெளிவாக இருந்தது. சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் மட்டும், எல்லாவற்றிலும், படம் விலகி ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் போனது.

அந்த நேரத்தில் தான் கண்ணை மூடிக்கொள்வது பேச்சிமுத்துவுக்குத் தெரியும்.

“பயமா இருக்கு, மாஸ்டர். இதை எப்படிப் போக்க?”

அவள் ரீகனைக் கூப்பிட்டு, ஏலே, பயமா இருக்கா என்று கேட்டாள். இருக்கு என்றான். பின்னே எப்படிக் குதிக்கிறாய் என்றாள்.

“எந்தப் பக்கம் விழணும்னு முன்னாடியே முடிவு பண்ணிருவேன்.”

ஜெனிட்டா எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தாள். ஏதோ விளக்கப் போகிறாள் என்று பேச்சிமுத்து பின்னால் போனார்.

மணல் வந்ததும் அவரைப் பிடித்துத் தள்ளினாள்.

மூட்டைபோல விழுந்தார். சட்டைப்பை நிறைய மணல். எழுந்து, தட்டிவிட்டு, என்ன மாஸ்டர் என்று கேட்பதற்குள் மறுபடி தள்ளினாள். பிறகு மூடியில்லாத தண்ணீர் பாட்டில் ஒன்றை அவர் கையில் கொடுத்து, அது சிந்தாமல் விழச் சொன்னாள்.

பையன்கள் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார்கள்.

“முகூர்த்தம் தப்பிரப் போகுது அண்ணாச்சி, சட்டுனு விழுங்க.”

தினமும் சாயங்காலம் விழுந்தார். வீட்டில் மனைவி, சட்டைப்பையில் ஏது இவ்வளவு மணல் என்றாள். வகுப்புக்குப் போகிறேன் என்றார். என்ன வகுப்பு என்றாள். விழுகிற வகுப்பு என்றார். அவள் மேற்கொண்டு கேட்காமல் சாம்பாரை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை, இடது தோளில் விழுந்து உருண்டு நின்றபோது, பாட்டிலில் தண்ணீர் அப்படியே இருந்தது. யாரும் கைதட்டவில்லை. ஜெனிட்டா கேமராவை எடுத்துக் கொடுத்தாள்.

*

சனிக்கிழமை ரீகன் விழுந்துகொண்டே இருந்தான்.

ஒரு தடவை சைக்கிளோடு பேச்சிமுத்துவின் மேலேயே விழுந்தான். தப்பு யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. கேமராவுக்கு ஒன்றுமில்லையே என்று ரீகன் கேட்டான். முட்டிக்கு ஒன்றுமில்லையே என்று இவர் கேட்டார்.

வெயில் மஞ்சளானது.

ரீகன் பறந்தான். ஹேண்டில்பார் சுற்றியது. கைக்கு வந்தது. சக்கரம் தரையைத் தொட்டது.

பேச்சிமுத்து அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கூட ஓடினார். ஓடும் வழியில் கிடந்த கல்லைத்தான் பார்க்கவில்லை.

*

ஜெனிட்டா வீட்டில் லேப்டாப் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

எல்லாம் படத்தில் விழுந்திருந்தது. ரீகன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. சக்கரம் சரிவில் இறங்கி, நேராகி, உருண்டு போனது.

பிறகு படம் புரண்டது. வானம். ஒரு காக்கா. தலைகீழாக ரீகனின் முகம்.

“அண்ணாச்சி, இருக்கீங்களா?”

கீழேயிருந்து பேச்சிமுத்துவின் குரல். “விழல, விழல. எடுத்துட்டுத்தான் இருக்கேன்.”

அப்புறம் பையன்களின் முகங்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஜெனிட்டா ஓடி வந்தாள். மல்லாந்து கிடந்தவரையும், அப்போதும் அவர் கையில் உயர்ந்து நின்ற கேமராவையும் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லேப்டாப் முன்னால் இருந்த ஜெனிட்டா படத்தை நிறுத்தினாள்.

“சைக்கிள் போனதோட வெட்டிருங்க. மிச்சம் வேண்டாம்.”

ஏன் என்றார்.

“இதுல நான் நல்லா இல்ல. பல்லெல்லாம் தெரியுது.”

பேச்சிமுத்துவுக்கு இது பழகிய பேச்சு. எத்தனையோ சித்திகளும் மாமியார்களும் கொழுந்தியாள்களும் அவர் கடைக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள், இதில் நான் நல்லா இல்லை, எடுத்துவிடுங்கள் என்று. அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. சொன்ன இடத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

கை தானாக மவுஸுக்குப் போனது.

இன்னொரு தடவை ஓட்டினார். வானம். காக்கா. ரீகன். பற்கள்.

மறுபடியும் ஓட்டினார்.

பிறகு மவுஸை எடுத்து, அவளுக்கு எட்டாத பக்கமாக வைத்துக்கொண்டார்.

“அது முடியாது, மாஸ்டர்.”

ஜெனிட்டா அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

அவள் கீபோர்டை இழுத்து, படத்தின் முடிவில் பெயர்கள் வரும் இடத்தைத் திறந்தாள்.

“உங்க இனிஷியல் என்ன, அண்ணாச்சி?”