பக்கத்து வீட்டுக்குக் கேட்காத படம்

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. நடுவில் ஒரு குழாய் வரும், அதை மறந்துவிடாதீர்கள்.

கோவை வடவள்ளியில் சரிவான மனையில் வீடு கட்டியவர் வெள்ளிங்கிரி. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. பின்பக்கம் நிலம் இறங்குவதால் அடியில் ஒரு பேஸ்மெண்ட் கிடைத்தது. மற்றவர்கள் அங்கே பழைய கட்டிலைப் போட்டு வைப்பார்கள். வெள்ளிங்கிரி ஹோம் தியேட்டர் கட்டினார். பம்புசெட்டு செய்கிற மனிதர் அவர். தன் பம்பு ஓடுவது பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது என்று பெருமையாகச் சொல்வார். தியேட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

வேலையை ஏற்றவன் அவர் மனைவி வாணியின் தம்பி தயா. இரட்டைச் சுவர், நடுவில் பஞ்சு, கனத்த கதவு என்று பார்த்துப் பார்த்துச் செய்தான். ஜன்னல் இல்லாத அறை என்பதால் காற்றுக்கு ஒரு குழாய் வைத்து, இரண்டு வீட்டுக்கும் இடைப்பட்ட சந்தில் அதன் வாயைத் திறந்துவிட்டான்.

சந்துக்கு அந்தப் பக்கம் ரெஜினாவின் படுக்கையறை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு முழுக்க வேலை, பகலில்தான் தூக்கம். டிரில்லிங் தொடங்கிய அன்றே வந்து தயக்கத்தோடு விஷயத்தைச் சொன்னார். வெள்ளிங்கிரி தெருவே கேட்கும்படி வாக்குக் கொடுத்தார்.

"சிஸ்டர், என் தியேட்டரால உங்க தூக்கம் கெட்டா, அன்னைக்கே திரையக் கழட்டிருவேனுங்க."

சொன்னால் செய்கிறவர்தான். அதுதான் சிக்கல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திறப்பு விழா. ஸ்பீக்கருக்கெல்லாம் பொட்டு வைத்த வாணி திரையை நெருங்கியபோது தயா ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். திருவிழாக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த ஒரு தாயின் படம். முழுச் சத்தத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் அசந்துபோனார்கள். தன் புது வீட்டிலும் இதேபோல் ஒன்று கட்டித் தரும்படி தயாவிடம் அங்கேயே பேசி முடித்தார் மருதாசலம் என்ற நண்பர். இதுதான் தயாவுக்கு முதல் தியேட்டர் வேலை. முதல் வேலையிலேயே அடுத்தது கிடைத்துவிட்டது.

இடைவேளையில் வெள்ளிங்கிரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு ரெஜினா வீட்டு வாசலுக்குப் போனார். தூங்குகிறவரை எழுப்பித் தூக்கம் கெட்டதா என்று கேட்பதிலுள்ள வேடிக்கை யாருக்கும் உறைக்கவில்லை. மணியில் விரல் வைத்ததுமே கதவு திறந்தது.

"சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சுங்களா சிஸ்டர்?"

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "ஒண்ணுமே கேக்கலைங்கண்ணா. நல்லாத் தூங்கினேன்."

கூட்டம் கைதட்டியது. வெள்ளிங்கிரி கழுத்தில் மாலை விழுந்தவர் மாதிரி நடந்து வந்தார். சாப்பாடும் பேச்சும் நீண்டதில் மீதிப் படத்தை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வாணி கேசரி கொடுக்கப் போனாள். கேசரி நிறைந்த தூக்குப்போசியோடு தயாவும் கூடப் போனான். கேசரியை வாங்கிக்கொண்ட ரெஜினா அசதியில் கேட்டுவிட்டார்:

"கடைசியில அந்தக் குழந்தை கெடைச்சுதாக்கா?"

மீதி அடுத்த ஞாயிறுதான் என்று சொல்லி முடித்ததும்தான், படம் அவருக்குக் கேட்டிருக்கிறது என்பது வாணிக்குப் புரிந்தது. பிறகு ரெஜினா வாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். படம் ஓடும் நேரம் மட்டும்தானே, பஞ்சை வைத்துக் காதை அடைத்துக்கொள்கிறேன், அண்ணனிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்றார். "அவர் நின்ன நிலையப் பாத்து எனக்கு வேற சொல்ல வரலக்கா."

வாணி சொல்லவில்லை. சொன்னால் திரை இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கணவர் பகலில் படம் போட்டபோதெல்லாம் தலைவலி என்று சொல்லிச் சத்தத்தைக் குறைக்க வைத்தாள்.

தயாவும் அதைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து வெள்ளிங்கிரியும் மருதாசலமும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது சாமான்களோடு வந்து இறங்கினான்.

"மாமா, காத்துக் குழாயில தப்புப் பண்ணிட்டேன். நேரா விட்டிருக்கக் கூடாது. பிரிச்சு மறுபடி செய்யணும்."

"சிஸ்டரே கேக்கலைன்னுட்டாங்களே மாப்ள?"

"அசதியில தூங்கியிருப்பாங்க மாமா. தப்பு தப்புதானே."

மருதாசலம் காபியைக் குடித்து முடித்தார். புது வீட்டு வேலையைப் பற்றி நிதானமாக யோசித்துச் சொல்வதாகத் தயாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தயா சுவரைப் பிரித்தான். குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோய், உள்ளே பஞ்சு ஒட்டி, வாயைப் பின்பக்கச் சரிவுக்குத் திருப்பினான். அடுத்த ஞாயிறு மீதிப் படம் முழுச் சத்தத்தில் ஓடியது. வாணிக்கு அன்று தலைவலி வரவில்லை. சாயங்காலம் சந்தில் ரெஜினாவைப் பார்த்தாள். முகம் நன்றாகத் தூங்கி எழுந்து உப்பியிருந்தது.

"ஏங்கக்கா, மீதிப் படம் இன்னைக்குப் போடலையா?"

இப்போது சொல்லுங்கள். வெள்ளிங்கிரியின் பெருமைக்காக ரெஜினா பொய் சொன்னார். வாணி உண்மையை மறைத்தாள். தயா பாதியை மறைத்து, பாதியை எல்லார் முன்னிலும் ஒப்புக்கொண்டான். இதில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா கொடுத்தது தன் தூக்கத்தைத்தானே என்று தோன்றும். தூங்காத நர்ஸ் இரவில் யாருடைய கட்டிலருகே நிற்கிறார் என்று நினைத்துப் பார்த்தால் அது அவர் மட்டும் கொடுக்கக்கூடியதல்ல. வாணி கணவரின் முகத்தைக் காப்பாற்றினாள், வாக்கைக் காப்பாற்றவில்லை. தயாதான் சரி. அடுத்த வேலையைப் பணயம் வைத்து, ஒருவர் அன்பாகச் சொன்ன பொய்யை உண்மையாக்கினான். வெள்ளிங்கிரியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் திரை இறங்கியிருக்கும், அந்தப் பாரம் ரெஜினாவின் தலையில் ஏறியிருக்கும். இன்றும் யார் வந்தாலும் வெள்ளிங்கிரி நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்: "வேணும்னா பக்கத்து வீட்டு சிஸ்டரைக் கேட்டுப் பாருங்க." தாராளமாகக் கேட்கலாம், சாயங்காலமாகப் போய் மணியடியுங்கள்.